சாட்சிக்காரர் வீடு

முனிரத்தினம் செத்த அன்றைக்கு லைன் வீடுகளில் ஒரு டம்ளர்கூட ஆடவில்லை. லைன்காரர்களுக்கு இதில் ஒரு மனத்தாங்கல்.

தங்கவயலில் சாவு வருவதற்கு ஒரு முறை உண்டு. கீழே சுரங்கத்தில் பாறை வெடித்தால் மேலே வீடு ஆடும். பலகையில் கவிழ்த்து வைத்த டம்ளர்கள் கிணுகிணுக்கும், அடுப்பில் உலை தளும்பும். ஏர் பிளாஸ்ட் என்று யாராவது ஒருத்தி கூவுவாள். கையில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டு லைன் முழுக்கச் சுரங்க வாயான ஷாஃப்ட்டுக்கு ஓடும். கம்பி வேலிக்கு வெளியே நின்று, ஆளை ஏற்றி வரும் கேஜ் மேலே வரும்போதெல்லாம் கழுத்தை நீட்டும். தன் புருஷன் இறங்கி வந்துவிட்டாலும் ஒருத்தியும் உடனே வீடு திரும்ப மாட்டாள். அடுத்தவள் புருஷன் வந்தானா என்று பார்த்துவிட்டுத்தான் போவாள். அக்கறைதான். முக்கால் பங்கு அக்கறை.

முனிரத்தினத்தின் மேல் விழுந்ததோ ஒரே ஒரு கல். கட்டில் அகலம் என்றார்கள். அந்த நேரத்தில் ஸ்கெலட்டன் லைன் என்ற இந்த லைனின் பெண்கள் குழாயடியில் குடத்தை வரிசை வைத்துவிட்டு, ஆடிக் காற்று, தங்கம் எடுத்துவிட்டுக் கொட்டிய சைனைட் மேட்டு மண்ணை வாரிக்கொண்டு வந்து களியில் கொட்டுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் ஆடவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. பகல் பன்னிரண்டரைக்கு டைம் ஆபீஸ் ஆள் சைக்கிளில் வந்து முனிரத்தினம் வீடு எது என்று கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. இத்தனை பெரிய சாவை இப்படிக் காதும் காதும் வைத்தமாதிரி நடத்திவிட்டார்களே என்று எல்லோருக்கும் ஒரு குறை. அதனால்தான், அதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் ஒருத்தன் இருக்கிறான் என்றதும், லைனுக்கு ஆளே கிடைத்துவிட்டது மாதிரி ஆயிற்று.

அந்த ஆள் காத்தவராயன். முனிரத்தினத்தோடு சுரங்கத்தின் ஒரே லெவலில், ஒரே இடத்தில் வேலை. வீடும் அடுத்தடுத்த வீடு. நடுவில் ஒரு மூங்கில் தட்டி, அதன் மேல் மண் பூச்சு. பூச்சு உதிர்ந்த இடத்தில் பழைய காலண்டர். தட்டிச் சுவர் என்பது சுவர் மாதிரி ஒன்று, அவ்வளவுதான். ஒரு வீட்டில் கருவாடு வறுத்தால் அடுத்த வீட்டில் சோறு கூடுதலாக இறங்கும். காத்தவராயன் பெண்சாதி தங்கம்மா வீட்டில் கடிகாரம் கிடையாது. முதல் ஷிஃப்ட் நாட்களில் முனிரத்தினம் இருமுவதுதான் அவளுக்கு நாலரை மணி. இரண்டு குட்டை இருமல், கொஞ்ச நேரம் ஒன்றும் இராது, அப்புறம் நெஞ்சின் அடியிலிருந்து இழுத்து ஒரு நீளமான இருமல். அந்த நீளமானது முடிந்ததும் தங்கம்மா எழுந்து அடுப்பு மூட்டுவாள். சுரங்கத்துக்காரன் ஒவ்வொருத்தனுக்கும் இருமல் உண்டு. இரண்டு பேருக்கு ஒரே மாதிரி கிடையாது.

அன்று ஒன்றரை மணிக்குக் காத்தவராயன் வந்தான். நாலு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். அடி ஒன்றும் இல்லை, ஆனால் தாங்கிக்கொண்டு வந்தார்கள். தலை முதல் கால் வரை சாம்பல் நிறத்தில் கல்தூள். அடுத்த வீட்டில் முனிரத்தினத்தின் பெண்சாதி குணசுந்தரி தலைவிரி கோலமாக விழுந்து கிடந்தாள். இரண்டு வயசுப் பெண் குழந்தை யார் இடுப்பிலோ இருந்தது. காத்தவராயன் அந்த வாசலில் உட்கார்ந்து, "என் கண்ணெதிர்ல போயிட்டாம்மா" என்றான். அவ்வளவுதான் அன்றைக்குச் சொன்னது. அழும்போது யாரும் சொல்வதுதான் அது. ஆனால் அறுபது பேர் கேட்டுவிட்டார்கள்.

தங்கம்மா அவனை உள்ளே இழுத்துக்கொண்டு வந்து, சொம்பில் தண்ணீர் மொண்டு முகத்தைக் கழுவினாள். கழுவுகிறதற்கு முன்னால் ஒரு நிமிஷம் கை நின்றது. அப்புறம் கழுவிவிட்டாள். எதற்காக நின்றது என்று யாருக்கும் தெரியாது. அவள் சொல்லவும் இல்லை.

மூன்றாம் நாளிலிருந்து சாட்சிக்கு மவுசு ஏற ஆரம்பித்தது. காத்தவராயன் டீக்கடைக்குப் போனால் பெஞ்சில் இடம் விட்டார்கள். டீயோடு வடையும் வந்தது. சும்மா வடை தின்றால் நன்றாகவா இருக்கும்? அவன் சொல்ல ஆரம்பித்தான். முதல் நாள், கல் நகர்ந்ததைப் பார்த்தேன் என்றான். மறுநாள், முனிரத்தினம் திரும்பி 'ஓடு காத்தா' என்று கத்தியதைச் சொன்னான். அதற்கு மறுநாள் முனிரத்தினம் அவனைப் பிடித்து வெளியே தள்ளினான், தள்ளின கையின் அழுத்தம் இன்னும் தோளில் இருக்கிறது என்று சட்டையை விலக்கிக் காட்டினான். பங்காருபேட்டையிலிருந்து துக்கம் கேட்க ரயிலேறி வந்தவர்கள், செத்தவன் வீட்டில் அரை மணி உட்கார்ந்துவிட்டுச் சாட்சி வீட்டில் ஒரு மணி உட்கார்ந்தார்கள். மறுபக்கத்து வீட்டு சரோஜம்மா, "சாட்சிக்காரர் வீடா, தோ அந்தப் பச்சைக் கதவு" என்று வழிகாட்டுகிற வேலையைத் தானாகவே எடுத்துக்கொண்டாள். பத்து வருஷமாக அது தங்கம்மா வீடாக இருந்தது.

டீக்கடையோடு போயிருந்தால் பரவாயில்லை.

குணசுந்தரி பதினாறு நாள் வரை வாசல் தாண்டக்கூடாது. அடுத்த வீட்டுக்கு வர முடியாது. ஆனால் தட்டியில் முதுகு சாய்ந்து உட்காரலாம், அதற்கு யாரும் விதி வைக்கவில்லை. ஐந்தாம் நாள் சாயங்காலம் ஆறு மணிக்குத் தட்டி கிறீச்சென்றது. இந்தப் பக்கம் காத்தவராயன் களி உருண்டையைக் கீரையில் தொட்டுக்கொண்டிருந்தான்.

"அண்ணா, அவரு கடைசியா இன்னா சொன்னாரு?" என்றாள் அந்தப் பக்கத்திலிருந்து.

காத்தவராயன் கையில் இருந்த களியைத் தட்டில் வைத்தான். தங்கம்மாவைப் பார்த்தான். தங்கம்மா அடுப்பைப் பார்த்தாள். 'ஓடு காத்தா' என்றதைச் செத்தவன் பெண்சாதியிடம் போய்ச் சொல்ல முடியுமா? அதில் அவளுக்கு என்ன இருக்கிறது? அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சுந்தரியப் பாத்துக்கோன்னாம்மா" என்றான்.

அந்தப் பக்கம் மூக்கு உறிஞ்சுகிற சத்தம். "சரிண்ணா" என்றாள்.

மறுநாளும் ஆறு மணிக்குத் தட்டி கிறீச்சென்றது. அதற்கு மறுநாளும். காத்தவராயனும் கொடுத்துக்கொண்டே வந்தான். ஒரு நாள் குழந்தையின் பேரைச் சொன்னதாக, ஒரு நாள் காலையில் அவள் கட்டிக்கொடுத்த எலுமிச்சம்பழச் சோற்றை மெச்சியதாக, ஒரு நாள் கார்த்திகைக்கு அவளைத் திருவண்ணாமலைக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்ததாக. உயிரோடு இருந்தபோது முனிரத்தினம் பெண்சாதியிடம் ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். செத்த பிறகு தட்டி வழியாகக் குடும்பம் நடத்த ஆரம்பித்தான். தங்கம்மா பாத்திரம் தேய்க்கிற சாக்கில் வெளியே போய்விடுவாள். தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்ப்பாள்.

பத்தாம் நாள் யூனியன்காரர் நெடுஞ்செழியன் வந்தார். வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா. என்கொயரி வைக்கப்போகிறார்கள், இன்ன திங்கட்கிழமை என்று தேதி போட்டாயிற்று. சர்க்கார் சுரங்கத்தை எடுத்துக்கொண்ட பிறகு எல்லாம் எழுத்தில்தான் நடக்கும், பழைய காலம் மாதிரி துரை கையை ஆட்டினால் முடிகிற விஷயம் இல்லை என்றார். விஷயத்தைப் பிட்டுப் பிட்டு வைத்தார்.

காலையில் வெடி வைத்த இடத்துக்குள் யாரும் நேராகப் போகக்கூடாது. மேஸ்திரி கடப்பாறையை எடுத்துக்கொண்டு முதலில் போவார். தலைக்கு மேல் இருக்கிற கல்லைத் தட்டித் தட்டிப் பார்ப்பார். ணங் என்று கேட்டால் கெட்டி. தொப் என்று கேட்டால் பொல்லாத கல், நெம்பித் தள்ளிவிட வேண்டும். தட்டி முடித்து அவர் குரல் கொடுத்த பிறகுதான் ஆள் இறங்கலாம். அன்று மேஸ்திரி தட்டினாரா? தட்டவில்லை என்றால் மேஸ்திரி தப்பு. தட்டுவதற்கு முன்னால் முனிரத்தினம் தானாகப் போயிருந்தால் செத்தவன் தப்பு. தன் தப்பால் செத்தவன் வீட்டில் இன்னொரு ஆளுக்கு வேலை கிடையாது. குணசுந்தரியின் தம்பி குடியாத்தத்தில் சும்மா இருக்கிறான். அவனுக்கு வேலை கிடைத்தால் லைன் வீடு நிற்கும். இல்லையென்றால் ஒரு மாசத்தில் காலி பண்ண வேண்டும்.

"இதுக்குக் கண்ணால கண்ட சாட்சி ஒருத்தர் இருந்தாப் போதும். நீங்க இருக்கீங்க" என்றார் நெடுஞ்செழியன்.

"ஊரே சொல்லுமே சார்" என்றான் காத்தவராயன், குரல் கொஞ்சம் இறங்கி.

"ஊர் சொல்றது எதுக்கு ஆகும்? உங்ககிட்ட கேட்டு ஊர் சொல்லுது. சொல்லக் கேட்டவன் சாட்சி இல்ல. சத்தம் கேட்டவனும் சாட்சி இல்ல. அந்த நேரத்துல, அந்த இடத்துல, தன் ரெண்டு கண்ணால பாத்தவன் எவனோ அவன்தான். பேப்பர்ல உங்க பேருக்கு நேரா அப்படித்தான் எழுதியிருக்கு." பையிலிருந்து தாளை எடுத்துக் காட்டவும் செய்தார். காத்தவராயனுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். தங்கம்மா டீ கொண்டுவந்து வைத்தாள். டம்ளர் தரையில் பட்டபோது கிணுக்கென்றது.

இதில் இன்னொன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் லைன்காரர்கள் மன்னிக்க மாட்டார்கள். அந்த மேஸ்திரி வேறு யாரும் இல்லை. தங்கம்மாவின் கூடப்பிறந்த அண்ணன் வேலு.

வேலு மேஸ்திரி பன்னிரண்டாம் நாள் வந்தான், ஞாயிற்றுக்கிழமைக் கறியோடு. தேக்கிலையில் சுற்றி ஒன்றரை சேர் இருக்கும். தங்கச்சி வீட்டுக்கு அவன் கறி வாங்கி வந்து ஆறு வருஷம் ஆகிறது. அப்போதும் கால் சேர்தான். தங்கம்மா அதை வாங்கி வைத்தாள். இஞ்சி தட்டி, மிளகாய் அரைத்து, அடுப்பில் ஏற்றினாள். கறி வேகிற வாசனை தட்டியைத் தாண்டித் துக்க வீட்டுக்குப் போகுமே என்று ஈரச் சாக்கை எடுத்துத் தட்டியின் மேல் போடப் போனாள். சாக்கைத் தொட்டதும் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். பிறகு மறுபடி எடுத்துப் போட்டாள்.

ஆண்கள் இரண்டு பேரும் தட்டிக்குக் கேட்காத குரலில் பேசினார்கள். அதாவது சரோஜம்மா வீட்டு வரைக்கும்தான் கேட்டது. வேலு கெஞ்சவில்லை, அதட்டவும் இல்லை. வேலை போனால் மூன்று பெண் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கே போவேன் என்று மட்டும் கேட்டான். தட்டித்தான் பார்த்தேன், அடுத்த முனையைத் தட்டிக்கொண்டிருந்தபோது முனிரத்தினம் அவசரப்பட்டு இறங்கிவிட்டான் என்றான். அதைச் சொல்லும்போது அவன் கண் கறிச்சட்டியில் இருந்தது.

"நீ பாத்த இல்ல மச்சான், நான் தட்னத?" என்றான்.

காத்தவராயன் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தான். "நீ தட்னதா…" என்றான்.

"பின்ன? நீதான் எல்லாத்தையும் பாத்தவனாச்சே. டீக்கடையில கேட்டேன். எனக்குத் தெரியாததெல்லாம் உனக்குத் தெரியுது."

வேலு அதைச் சிரிக்காமல் சொன்னான். காத்தவராயன் எலும்பைத் தட்டோரம் ஒதுக்கினான். போகும்போது வேலு, தங்கச்சியிடம், "உன் பேச்சுக் கேப்பாரு. சொல்லு" என்றான். அப்பா செத்த பிறகு அவளைத் தோளில் தூக்கி வளர்த்த அண்ணன். அவன் தலை நரைத்திருப்பதைத் தங்கம்மா அன்றைக்குத்தான் பார்த்தாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. குணசுந்தரி இனி வாசல் தாண்டலாம். ஆனால் அடுத்த வீட்டுக்கு அவள் வரவில்லை. ஆறு மணிக்குத் தட்டியில் சாய்வதே பழக்கமாகிவிட்டது. முகம் பார்த்துக் கேட்கிறதைவிட அது அவளுக்கு வசதியாக இருந்திருக்கும்.

என்கொயரிக்கு முதல் நாள், காத்தவராயன் தட்டியில் மாட்டியிருந்த கையகலக் கண்ணாடிக்கு முன்னால் நின்று முகம் மழித்துக்கொண்டிருந்தான். உதடு அசைந்துகொண்டிருந்தது. ஒரு கன்னம் மழிக்கும்போது, "மேஸ்திரி தட்டினாரு சார், நான் பார்த்தேன்" என்றான். மற்றக் கன்னத்துக்கு, "தட்டவில்லை சார், நான் பார்த்தேன்" என்றான். இரண்டும் நன்றாகத்தான் வந்தது. அதுதான் அவனைப் பயமுறுத்தியது போல. சோப்பு நுரையோடு அப்படியே நின்றான்.

குணசுந்தரி அப்போது குழந்தையைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போயிருந்தாள். தங்கம்மா கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"அன்னிக்கு உன் மூஞ்சிய யாரு கழுவினது?" என்றாள்.

"இன்னாமே இது, நீதான்."

"எடது கன்னத்துல இன்னா இருந்துச்சு தெரியுமா?"

அவன் கண்ணாடியில் அவளைப் பார்த்தான்.

"கல்தூள் அப்பிக் கெடந்துச்சு. அதுல கட்டம் கட்டமா கோடு. கன்னம் பூரா, காது வரைக்கும். சாக்குல மூஞ்சி வெச்சு அழுத்திப் படுத்தா வுழுமே, அந்த அச்சு." அவள் குரல் ஏறவில்லை. "தண்ணி ஊத்தி நான்தான் அழிச்சேன்."

காத்தவராயன் கத்தியைக் கீழே வைத்தான். அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

அப்புறம் அவனாகவே சொன்னான். மேஸ்திரி வந்து தட்டும் வரை வெளியே காத்திருக்கிற நேரம் இருக்கிறதே, அதில் எல்லோரும் கண் அயர்வதுதான். விளக்கை அணைத்துவிட்டு மரக்கட்டை அடுக்கின் மேல் சாக்கைப் போட்டுப் படுப்பார்கள். கடப்பாறைச் சத்தம் கேட்டதும் எழுந்துவிடுவார்கள். பதினெட்டு வருஷமாக அப்படித்தான். அந்தச் சத்தத்துக்குப் பிணம்கூட எழுந்துவிடும். அன்றைக்கு அந்தச் சத்தம் வரவில்லை. வேறு சத்தம்தான் வந்தது. விளக்கைத் தேடிப் போட்டபோது தூசி தவிர ஒன்றும் தெரியவில்லை. கீழே தூங்கினான் என்று தெரிந்தால் அன்றோடு சீட்டுக் கிழிந்துவிடும். அதனால் கண்ணெதிரில் என்றான். அதற்குப் பிறகு அந்த வார்த்தை அவனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டது.

"இப்ப நான் இன்னாமே பண்றது?"

"எனக்கு எப்டித் தெரியும்? எங்கண்ணனுக்கு மூணு பொண்ணு. அந்தாண்ட ஒரு கொழந்த. நமக்கு இந்த வூடு." தங்கம்மா துண்டை எடுத்துக் காய்ந்துபோன நுரையைத் துடைத்துவிட்டாள். "நீ யாருக்கு வேணா எத்த வேணா சொல்லு. நான் பாத்தத நான் பாத்துட்டேன். அத்த என்னால திரும்பக் கழுவ முடியல."

இதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை என்று பின்னால் லைனில் பேசினார்கள். குழாயடியில் தங்கம்மா காதுபடவே பேசினார்கள். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் குடி கெட்டிருக்காது என்றார்கள். அவளும் அப்படி நினைத்த நாட்கள் உண்டு.

திங்கட்கிழமை தூற்றல். டைம் ஆபீஸுக்கு எதிரில் இருக்கிற புங்க மரத்தடியில் பெண்கள் முக்காடு போட்டுக்கொண்டு நின்றார்கள். குணசுந்தரி ஒரு ஓரம், தங்கம்மா ஒரு ஓரம், நடுவில் சரோஜம்மா. முதலில் வேலு உள்ளே போய் வந்தான். அப்புறம் காத்தவராயன். மடிப்புக் கலையாத சட்டை போட்டிருந்தான். கால் மணி நேரம்கூட ஆகவில்லை, வெளியே வந்துவிட்டான். இத்தனை நாள் அத்தனை நீளமாகச் சொன்னவன் இத்தனை சீக்கிரமாக வந்ததே சரோஜம்மாவுக்குச் சந்தேகமாக இருந்தது.

உள்ளே நடந்ததை நெடுஞ்செழியன் வந்து சொன்னார். சொல்லும்போது இரண்டு பேனாவில் ஒன்றைத் திறந்து திறந்து மூடினார். ஆபீசர் இங்கிலீஷில் கேட்க, குமாஸ்தா தமிழில் கேட்டிருக்கிறார். என்ன பார்த்தாய்? பார்க்கவில்லை சார். எங்கே இருந்தாய்? சாக்கில் படுத்திருந்தேன். விளக்கு? அணைத்திருந்தேன். தூங்கினாயா? ஆமாம். ஆனால் மேஸ்திரி தட்டவில்லை சார். எப்படித் தெரியும்? தட்டியிருந்தால் முழித்திருப்பேன். இதைக் குமாஸ்தா இங்கிலீஷில் சொன்னதும் ஆபீசர் சிரித்தாராம். தூங்கினவனுக்கு என்ன கேட்டது, என்ன கேட்கவில்லை என்று எப்படி எழுதுவது என்று கேட்டாராம். காத்தவராயன் பேருக்கு நேராக இருந்த வார்த்தையைக் குறுக்கே ஒரு கோடு இழுத்து அடித்துவிட்டார். அந்த இடத்தில் கண்ணால் கண்ட சாட்சி யாரும் இல்லை என்று முடிவு. அப்படியானால் இருப்பது மேஸ்திரியின் வாய்மொழி ஒன்றுதான். முனிரத்தினம் முன்னதாக இறங்கினான் என்பது எழுத்தில் ஏறிவிட்டது, செத்தவன் தப்பு என்று ஆகிவிட்டது.

"பொய்யா இருந்தாலும் ஒரே பொய்யாச் சொல்லியிருக்கலாம்" என்றார் நெடுஞ்செழியன். நல்ல மனுஷர். அவருக்கே அது வாய்தவறி வந்திருக்கும். காத்தவராயன் கையில் ஒரு சீட்டு இருந்தது. உத்தரவு வரும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சீட்டு.

வேலு மேஸ்திரி அந்த வழியாகத்தான் போனான். வேலை தப்பியவன் முகம் மாதிரி இல்லை. தங்கச்சி நின்ற பக்கம் திரும்பவில்லை. குடை கையில் இருந்தும் விரிக்காமல் நனைந்துகொண்டே போனான்.

குணசுந்தரி யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. நெடுஞ்செழியன் சொன்னதைக் கடைசிவரை நின்று கேட்டாள், குழந்தையின் தலையை முந்தானையால் மூடிக்கொண்டு நடந்தாள். மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்து நின்றவர்களுக்கு அதுவும் ஏமாற்றம்தான்.

சாயங்காலம் ஒருவரும் வரவில்லை. சாட்சி என்ற பேர் போய், மத்தியானத்துக்குள் சாக்குக்காரன் என்று பேர் வந்துவிட்டது. டீக்கடையில் அவன் தின்ற வடைகளைப் பற்றித்தான் பேச்சாம். சரோஜம்மா வாசலில் நின்று, ஏதோ வேலையாக வந்த ஒருவனிடம், "சாட்சிக்காரர் வீடா? அப்படி யாரும் இங்க இல்லியே" என்று தங்கம்மாவுக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள். தங்கம்மா களி கிளறினாள். கேழ்வரகு மாவில் கட்டி விழுந்தது. துடுப்பால் நசுக்கினாள், மறுபடி விழுந்தது. காத்தவராயன் சுவரோரம் உட்கார்ந்து தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆறு மணிக்குத் தட்டி கிறீச்சென்றது.

இரண்டு பேரும் அசையவில்லை. துடுப்பு சட்டிக்குள்ளேயே நின்றது.

"அண்ணா" என்றாள் குணசுந்தரி.

"இருக்காரு, சொல்லு சுந்தரி" என்றாள் தங்கம்மா.

"தூங்கினு இருந்தீங்களாமே."

"ஆமாம்மா" என்றான்.

"என்னப் பாத்துக்கச் சொன்னது… கார்த்திகைக்குக் கூட்டினு போறேன்னது…"

"இல்லம்மா. ஒண்ணுமே இல்லம்மா."

அந்தப் பக்கம் குழந்தை எதையோ கேட்டது. அவள் அதற்கு ஏதோ கொடுத்தாள். ஒரு தகர டப்பா உருளும் சத்தம்.

"எனக்குத் தெரியும்ண்ணா" என்றாள். "மொத நாளே தெரியும். நீங்க சொன்னதுல அவரு இன்னா இன்னாவோ பேசுனாரு. ஒரு வாட்டிகூட இருமவே இல்ல. நாலு வார்த்தைக்கு ஒரு வாட்டி இருமாம அந்த மனுசன் என்னிக்குப் பேசினாரு? சரி, சொல்றாரே, கேப்போம்னு கேட்டுகினு இருந்தேன். நல்லாத்தான் இருந்துச்சு."

காத்தவராயன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான்.

"பாத்தத வுடுங்க. காதுல ஏதனா வுழுந்துச்சா? மெய்யா வுழுந்தத மட்டும் சொல்லுங்க. ஒண்ணுமில்லன்னா ஒண்ணுமில்லன்னு சொல்லுங்க."

அவன் கையை எடுத்தான். இத்தனை நாளில் முதல் தடவையாக யோசித்துச் சொன்னான். சொல்வதற்கு ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டான். சொன்னது ரொம்பக் கொஞ்சம்.

"அரைத் தூக்கம்மா. இருமல் கேட்டுச்சு. வெடி வெச்ச எடத்துக்கு உள்ளாரேந்து. ரெண்டு. சின்னதா ரெண்டு."

"அப்பறம் பெருசு?"

"வரல." அவன் தட்டியைப் பார்த்துச் சொன்னான். "அதுக்குத்தான் காத்துகினு இருந்தேன். அது வந்து முடிஞ்சதும் திரும்பிப் படுக்கலாம்னு. இங்க வூட்ல படுக்கிற மாதிரியே. அதுக்குள்ள…"

தட்டியின் மூங்கில் மெதுவாக நிமிர்ந்தது. அவள் முதுகை எடுத்துக்கொண்டாள் என்று தெரிந்தது. பாயைச் சுருட்டுகிற சத்தம். சுருட்டிய பாயைக் கயிற்றால் இறுக்கிக் கட்டுகிற சத்தம். அப்புறம் பலகையிலிருந்து டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்து ஒன்றுக்குள் ஒன்று போடுகிற சத்தம். தங்கம்மா நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.